பிரெயில் பிரிண்டருக்கு டிரைவர் தேடிய வாரங்கள்

என் மனைவிக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறாள். தெலுங்கு மீடியம். நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் என்னை சத்தியவேடு பக்கமாக ஏற்றிக்கொண்டு போகும். அவள் ஷேர் ஆட்டோவில் எதிர்ப்பக்கம் போவாள்.

பாடப்புத்தகம் மாறியபோது புதியது பிரெயிலில் வரவில்லை. கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள், நேரில் போயும் கேட்டாள். 'ஒஸ்துந்தி மேடம்', வரும் வரும் என்றார்கள். அதுவரைக்கும் அவளே ஒரு வழி வைத்திருந்தாள். சாயங்காலம் போன் பாடத்தைப் படித்துக் காட்டும். அதைக் கேட்டு, முக்கியமானதைத் தன் குரலில் லேப்டாப்பில் பதிந்து வைப்பாள். மறுநாள் வகுப்பில் அந்தப் பதிவை ஒரு காதில் இயர்போன் வைத்துக் கேட்டபடியே நடத்துவாள்.

"ஒரு காதுல நானே பேசிக்கினு இருக்கேன். இன்னொரு காதுல பசங்க பேசுதுங்க. இதுல நான் எப்பத்தான் பாடம் நடத்துறது?" என்று ஒருநாள் சொன்னாள். "பேப்பர்ல இருந்தா கைய வெச்சிக்கினு நிம்மதியா நடத்துவேன்."

அவள் படித்தது சித்தூரில், கிறிஸ்தவ சபை நடத்திய ஒரு விடுதியில் தங்கி. விடுதி மூடி வெகுகாலமாகிவிட்டது. அங்கே இருந்த பிரெயில் பிரிண்டர் சர்ச்சின் பின்னறையில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். கமிட்டிச் செயலர் உடனே எடுத்துக்கொள்ளச் சொன்னார். "தீஸ்கெள்ளண்டி மேடம். இங்க சும்மா தூசி துன்னுக்கினு கெடக்குது."

டிரங்குப் பெட்டி அளவு இருந்தது. நானும் வாட்ச்மேனும் தூக்கி வாடகைக் காரில் ஏற்றினோம். வீட்டில் வைத்து, கெட்டித்தாள் செருகி, ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டேன். எந்திரம் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வழி அது என்று மூடியிலேயே எழுதியிருந்தது. தகரத்தில் ஆணி அடிப்பது போல ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். வெளிவந்த தாளில் அவள் விரலை ஓட்டினாள்.

"ஏ, பி, சி, டி... இசட் வரைக்கும் வந்துக்குது. நல்லாத்தான் இருக்குது."

எந்திரம் நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அதை அடையாளம் காட்டும் டிரைவர் ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தேன். என் தொழிலே அதுதானே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குமேல் ஆகாது என்று அவளிடம் சொல்லியும் விட்டேன்.

எந்திரத்தின் பின்னால் இருந்தது பழைய காலத்து அகலமான பிரிண்டர் வாய். இப்போதைய லேப்டாப்களில் அது இல்லை. திருப்பதியில் அலைந்து, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை யுஎஸ்பியாகவும் இருக்கிற கேபிள் ஒன்றைப் பிடித்தேன். செருகியதும் 'தெரியாத சாதனம்' என்றது லேப்டாப். தயாரித்த கம்பெனியைத் தேடினால் அதை வேறொரு கம்பெனி வாங்கியிருந்தது. அவர்கள் பட்டியலில் இந்த மாடலே இல்லை. மெயில் அனுப்பினேன். அந்த மாடலுக்கான உதவியை நிறுத்திவிட்டோம், புதிய மாடல்களைப் பார்க்கவும் என்று இரண்டே வரியில் பதில்.

பிறகு மற்ற தளங்கள். ஒரே பக்கத்தில் ஆறு 'டவுன்லோடு' பொத்தான்கள் இருக்கும், ஆறும் விளம்பரம். ஓர் இணைய மன்றத்தில் யாரோ ஒருவர் பல வருஷங்களுக்கு முன் இதே எந்திரத்துக்கு இதே கேள்வியைக் கேட்டிருந்தார். ஆவலாகக் கீழே போனேன். 'சரியாகிவிட்டது, நன்றி' என்று அவரே எழுதி முடித்திருந்தார். எப்படிச் சரியானது என்று ஒரு சொல் இல்லை. அந்த மனிதரை நான் திட்டாத நாள் இல்லை.

என்னிடம் இருந்தது கம்பெனி லேப்டாப். அதில் எதையும் புதிதாக ஏற்ற முடியாது. அதனால் இந்தச் சோதனைகளையெல்லாம் அவள் லேப்டாப்பில்தான் செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் எந்திரத்தின் பெயரிலேயே ஒரு ஃபைல் கிடைத்தது. எச்சரிக்கை வந்தது. சரி என்று அழுத்தினேன். வேலையிடத்தில் யாராவது அப்படிச் செய்தால் கத்துகிற ஆள் நான். திரை நீலமாகிவிட்டது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதே நீலம்.

திருப்பதியில் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். வீட்டிலேயே நிதானமாகப் பார்த்திருக்கலாம். திங்கட்கிழமை அவளுக்கு லேப்டாப் வேண்டுமே என்ற அவசரம். "போர்டு பாகுந்தி சார். ஃபார்மட் கொட்டேஸ்தா," போர்டு நன்றாக இருக்கிறது, அழித்துப் புதிதாகப் போட்டுவிடுகிறேன் என்றார் கடைக்காரர். சரி என்றேன். பதிவுகள் ஹார்ட் டிஸ்கின் வேறு பகுதியில் இருக்கின்றன, அதைத் தொடமாட்டார் என்று நானே நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. மாலையில் வாங்கித் திறந்தபோது எல்லாமே துடைத்து வைத்தது போல இருந்தது.

வழி முழுக்க பஸ்ஸில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"எட்டாங்கிளாஸ் பாடமா போச்சு?"

"எல்லாமே."

"ஒம்பது, பத்து?"

"எல்லாமேதான்."

"சோறு வெச்சிருக்கேன், துன்னுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த நாள் சாயங்காலம் முதல் பாடத்திலிருந்து மறுபடி பதிய ஆரம்பித்தாள். முன்பு ஏற்ற இறக்கத்தோடு பேசுவாள். இப்போது வேகமாக, ஒப்பிப்பது போலப் பேசினாள். கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் லேப்டாப்பை அதன்பிறகு நான் தொடவில்லை.

நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் பரணில் இருந்தது. எடை அதிகம், பேட்டரி நிற்காது. ஆனால் அகலமான பிரிண்டர் வாய் அதிலேயே இருந்தது. அதை வாங்கி வந்து மறுபடி டிரைவர் தேடலில் உட்கார்ந்தேன். அதுவும் இரண்டு ஞாயிறு ஓடியது. மூன்றாவது ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்ட பிறகு, அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாதான் தேடிக்கினு இருக்கீங்க? எனக்கும் சொல்லுங்க."

"டிரைவர்."

"அது இன்னா செய்யும்?"

"நாம எழுதுறத அந்த மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தி அனுப்பும்."

"ஏபிசிடி அதுக்குத் தெரியுமே. அன்னிக்கே அடிச்சிக் காட்டுச்சே. அதுக்கு இன்னாத்த மாத்தணும்?"

திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

அவளே தொடர்ந்தாள். விடுதி ஆபீசில் ஓர் அக்கா டைப் அடிப்பாராம். எழுத்தை ஒவ்வொன்றாக விடுதிப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல, அவர் இங்கிலீஷ் எழுத்திலேயே அடித்து அனுப்பிவிடுவாராம். பிரெயிலில் ஒவ்வொரு புள்ளிக் கூட்டத்துக்கும் கீபோர்டில் ஓர் எழுத்தோ குறியோ இருக்கிறது. புள்ளிக்குப் பதில் அதை அடித்தால் போதும். 'அம்மா' வேண்டுமானால் a@mm> என்று அடிக்க வேண்டும். தமிழானாலும் தெலுங்கானாலும் ஒலி ஒன்றானால் புள்ளியும் ஒன்று.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்க எப்ப கேட்டீங்க? ஒரு ஞாயித்துக்கெழமையில முடிச்சிடுறேன்னீங்க."

பிரிண்டர்களின் பட்டியலைத் திறந்தேன். கம்பெனி பெயர்களுக்கு நடுவே 'ஜெனரிக்' என்று ஒன்று, அதற்குள் 'டெக்ஸ்ட் ஒன்லி'. எழுத்தை எழுத்தாகவே அனுப்புவது, வேறெதுவும் செய்யாது. எந்த லேப்டாப்பிலும் முதல் நாளிலிருந்தே இருப்பது. எத்தனையோ தடவை அதைத் தாண்டிக் கீழே போயிருக்கிறேன். அதைத் தேர்ந்தெடுத்து, நோட்பேடைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன். எட்டாம் வகுப்பின் முதல் பாடத்திலிருந்து இரண்டு வரி, மனப்பாடமாக, அடித்தாள். எனக்கு அது வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. அனுப்பினேன். எந்திரம் அடிக்க ஆரம்பித்தது.

தாளைக் கிழித்துக் கொடுத்தேன். விரல் மேல்வரியிலேயே நின்றது. தப்பாகிவிட்டது என்று நினைத்தேன்.

"மேல 'அன்டைட்டில்ட்'னு இங்கிலீஷ்ல இருக்குது. அத யாரு அடிச்சது?"

பெயர் வைக்காத ஃபைலுக்கு நோட்பேடு தானாகவே போடுகிற தலைப்பு அது. சொன்னதும் அவள் சிரித்தாள். நீலத் திரை வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அப்படிச் சிரித்தாள். பிறகு கீழே இருந்த இரண்டு வரியையும் சத்தமாகப் படித்தாள், வகுப்பில் படிப்பது போல.

அந்த மன்றத்தில் கணக்குத் திறந்து, அவருடைய 'நன்றி'க்குக் கீழே முழு முறையையும் எழுதிப் போட்டேன். இதுவரை யாரும் பதில் போடவில்லை.

தலைப்பு வராமல் இருக்கவும், வரி நாற்பது எழுத்தில் மடங்கவும் அமைப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. அந்த வாரம் முழுக்கப் போன் படிக்க, அவள் அடித்தாள். சனிக்கிழமை பதின்மூன்று தாள் சேர்ந்தது. கோணி ஊசியால் அதைத் தைத்துக் கொடுத்தது மட்டும்தான் என் வேலை. திங்கட்கிழமை சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு நான் படிக்கறதையே மெதுவா கூடவே படிச்சிக்கினு இருக்குது. இத்தினி நாளா அது எனக்குக் காதுலயே விழல."

இப்போது ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் பாதி அடித்தாகிவிட்டது. பிரெயிலின் ஆறு புள்ளிகளில் ஆறாவது சன்னமாக விழுகிறது, அதைக் குத்தும் ஊசி தேய்ந்திருக்கும் என்கிறாள். எந்திரத்தைத் திறந்து பார்க்கட்டுமா என்று போன வாரம் கேட்டேன். "வேணாம்," என்றாள். "படிக்க முடியுது. நீங்க ஒண்ணும் செய்யாதீங்க."