காலனியைப் பார்த்துக் கட்டிய ஒலிபெருக்கி

நான் வேலை பார்க்கும் அரசு விவசாய அலுவலகத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு போஸ்டர்தான். இனம், நிறம், ஆண், பெண் என்று பார்த்து இங்கே யாராவது உங்களைக் குறைவாக நடத்தினால் இன்ன இடத்தில் புகார் கொடுங்கள் என்று அந்த அலுவலகமே தன் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. அமெரிக்காவில் இந்த ஜார்ஜியாவுக்கு வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. தன்மேலேயே கோள் சொல்ல எந்த ஆபீசாவது வழி சொல்லித் தருமா? எங்கள் விருத்தாசலம் பக்கத்து வேளாண்மை ஆபீசுச் சுவரில் புழுவும் பூச்சியும்தான் படமாகத் தொங்கும். போகப் போக வேடிக்கை போய்ப் பெருமை வந்துவிட்டது. ஏனென்றால் ஆபீசின் சிவில் ரைட்ஸ் கமிட்டியில் ஆசியர்கள் சார்பாக என்னையே போட்டுவிட்டார்கள். அங்கே வேறு ஆசியர் கிடையாது என்பது வேறு விஷயம்.

கமிட்டி ஆளாக ஆனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு விவசாயிகள் கூட்டத்தில் சமத்துவம் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். முடிந்ததும் வால்டர் என்ற கறுப்பின விவசாயி, அறுபது தாண்டியவர், மெதுவாக என்னிடம் வந்தார். எங்கள் அப்பாவும் விவசாயி, ஊர்க் கூட்டமெல்லாம் எங்கள் வீட்டில்தான் நடக்கும் என்று பேச்சில் சொல்லியிருந்தேன். அப்பா வீட்டில் கூட்டம் நடந்தால் எல்லாரும் உள்ளே வருவார்களா என்று கேட்டார். மனுஷர் நம் ஊருக்கு வர ஆசைப்படுகிறார் என்று நினைத்து, "தாராளமாக, நீங்களும் வரலாம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிப் போய்விட்டார். வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகும்போதுதான் கேள்வி புரிந்தது. காருக்குள் யாரும் இல்லாவிட்டாலும் முகம் எரிந்தது.

எங்கள் ஊர் பெண்ணாடம் போகிற வழியில் இருக்கிறது. வேளாண்மைத் துறை எந்தப் பயிற்சி வைத்தாலும் அது அப்பாவின் களத்தில்தான் நடக்கும். இடம் பெரிது, நிழல் உண்டு, அம்மா டீ போடுவாள். காலனி ஆட்கள் வந்து நான் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பதுகூட எனக்குத் தோன்றியதில்லை. காலிங் கார்டு வாங்கி அப்பாவுக்குப் போன் செய்தேன். லீவில் வரும்போது நானே ஒரு பயிற்சியில் பேசுகிறேன், ஆனால் காலனிக்காரர்களுக்கும் விஷயம் போய்ச் சேர வேண்டும் என்றேன். அப்பா என் பேச்சைத் தட்டியதே இல்லை. "அதுக்கென்ன பாப்பா, ஏற்பாடு பண்ணிடறேன்" என்றார்.

செய்துதான் இருந்தார். நான் போய் இறங்கியபோது களத்து வேப்பமரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது, வாய் காலனிப் பக்கம் பார்த்தபடி. விருத்தாசலத்திலிருந்து வாடகைக்கு எடுத்தாராம். "நீ சொன்னியே, அவங்களுக்கும் போய்ச் சேரணும்னு. அங்க கடைசி வூடு வரைக்கும் கேக்கும்" என்றார். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. மகள் சொன்னதைச் செய்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கேட்டைத் திறந்துதானே வைத்திருக்கிறேன், வர வேண்டாமென்று யார் சொன்னது என்றும் கேட்டார். திறந்துதான் இருந்தது. பயிற்சியன்று காலனியிலிருந்து வந்த ஏழெட்டுப் பேர் அதற்கு வெளியே சாலையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்களில் அஞ்சலையும் இருந்தாள். எட்டாம் வகுப்பு வரை என்னோடு படித்தவள், அப்போது என்னை வாடி போடி என்பாள். இப்போது குத்தகைக்கு நிலம் பிடித்து மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிறாள், வேலையில்லாத நாட்களில் செராமிக் கம்பெனியில் பொம்மைக்குச் சாயம் அடிக்கிறாள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த வருஷம் துறை ஒரே ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுத்து விதையும் உரமும் இலவசமாகக் கொடுத்து, விளைச்சலை ஊருக்கே காட்டப் போவதாக இருந்தது; செயல்விளக்கத் திடல் என்று அதற்குப் பெயர். அது தனக்குக் கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்தாள். சாலையில் நின்றபடியே கேட்டாள். அதிகாரி நல்லவர், மரியாதையாகத்தான் பதில் சொன்னார். அப்பாவைக் காட்டி, அய்யா நிலம் ரோட்டோரம் இருக்கிறது, பெரிய ஆபீசர் ஜீப்பில் வந்து பார்க்க வசதி, உனக்கு அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்.

"என் கொல்லையும் ரோட்டோரந்தான் சார். காலனி ரோடு" என்றாள் அஞ்சலை.

அப்பா என்னைத்தான் பார்த்தார். அவளுக்கே கொடுங்கப்பா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால், மறுத்திருக்க மாட்டார். மைக்கும் என் கையில்தான் இருந்தது. ஆனால் பெரியப்பா, சித்தப்பா, அத்தனை சொந்தமும் முன்னால் உட்கார்ந்திருந்தது. அப்பாவின் கௌரவம் என்ன ஆகும் என்று நினைத்தேன். "எல்லாரும் டீ சாப்பிட்டுப் போங்க" என்றேன். காலனியின் கடைசி வீடு வரை அது கேட்டிருக்கும். திடல் அப்பாவுக்கே போனது.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, எனக்கு அமெரிக்காவுக்குத்தான் உபதேசம். இப்போதும் கமிட்டியில் இருக்கிறேன், பேசுகிறேன், கைதட்டுகிறார்கள். வால்டர் ஆபீசுக்கு வந்தால் மட்டும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு நழுவிவிடுகிறேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை. கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது.

அன்று களத்தில் கூட்டம் கலையும்போது மனசு தாங்காமல் கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போனேன். அவர்களோடு நிற்கலாம் என்று நினைத்தேன். நான் போனதும் ஒதுங்கி வழி விட்டார்கள், ஒரு பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பாப்பா வெயிலில் நிற்கிறதே என்று அப்பா உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொடுத்தனுப்பினார். அதைச் சாலையில் போட்டார்கள். நான் உட்காரவில்லை. அஞ்சலை பக்கத்தில் போய் நின்றேன். அவள்தான் சொன்னாள், கோபமில்லாமல்.

"உக்காருங்கம்மா. நீங்க நின்னுக்கிட்டிருந்தா நாங்க எப்படி வூட்டுக்குப் போறது?"

உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு நாற்காலியில், எங்கள் வீட்டுக்கு வெளியே, அவர்கள் காலனிக்குத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தேன்.