எனக்குத் தெரியாத ஒரு சொல்

இருபது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கர்வத்தில் ஒரு மனிதரின் காலுக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

திருநெல்வேலியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீவைகுண்டத்து வாழைத்தோட்டத் தொழிலாளி முருகையா, சர்க்கரை நோயில் பாதம் புண்ணாகிப் படுத்திருந்தார். அவர் மனைவி டாக்டரின் சீட்டை என்னிடம் நீட்டினார்.

"டீச்சர், இதுல என்ன போட்டிருக்கு?"

'டிபிரைட்' என்று இருந்தது. நான் அறியாத சொல். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எதையோ வெட்டுவது என்று மட்டும் ஊகித்து, "காலை வெட்டணுமாம்" என்றேன்.

முருகையா எழுந்து உட்கார்ந்தார். "காலு போயிட்டுன்னா வாழைத்தார எப்படிச் சொமப்பேன்? கெளம்புட்டி, வீட்டுக்குப் போவோம்."

யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்கள். பிறகுதான் நர்சிடம் அர்த்தம் கேட்டேன்.

"அழுகின சதைய மட்டும் வெட்டி எடுக்கது டீச்சர். காலக் காப்பாத்தத்தான். விட்டா உயிருக்கே ஆபத்து."

ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் இருந்தார்கள்.

"அண்ணாச்சி, எனக்கு அந்த வார்த்தை தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். காலை வெட்ட மாட்டாங்க, இறங்குங்க."

அவர் மனைவி என்னையே பார்த்தார். "தெரியலன்னு சொல்லியிருந்தா வேற யார்ட்டயாவது கேட்டிருப்போம்லா டீச்சர்?"

மறுநாள் அழுகிய சதையை எடுத்தார்கள். கால் தப்பியது.

இப்போதும் வகுப்பில் "எனக்குத் தெரியாது" என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.