ஹஸ்னாவின் படம் போன வழி

கலியாணம் பேசி வைக்கிற தொழிலுக்கு வாயை அடக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். இப்போது போனையும் அடக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் கலியாண வயதில் குமர் இருக்கிற உம்மாமாரே, வாப்பாமாரே, இந்தப் பாடு உங்களுக்கும் தெரிந்ததுதான்.

ஒரு வீட்டுக்கு மட்டும்

மருதமுனை ஹஸ்னா கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிற பிள்ளை. வாப்பாவுக்குச் சாரன் துணிக்கடை. அவளுடைய படத்தைச் சாய்ந்தமருதில் ஒரு மாப்பிள்ளையின் உம்மாவுக்குப் போனில் அனுப்பினேன். அந்த உம்மா மகள்மாருக்கு அனுப்ப, மகள்மார் குடும்பக் குரூப்பில் போட, அங்கிருந்து அது எந்தத் திக்கில் எல்லாம் போனதோ அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அன்றைக்கே அஸர் தொழுகைக்கு முன்னால், மீன் விற்கிறவர் ஹஸ்னாவின் வாப்பாவிடமே போனை நீட்டி, "இது ஒங்கட மகள்தானே?" என்று கேட்டிருக்கிறார். மனுசன் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் போனபோது ஹஸ்னா அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. கோப்பியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனி என்ட படம் என்னக் கேக்காம எங்கயும் போகாது மாமி. அதால கலியாணம் நடக்காட்டி நடக்காமப் போகட்டும்."

ரெண்டு ஆப்

"சரி, பத்திரமான வழி எது?" என்று அவளையே கேட்டேன். எல்லாரிடமும் இருக்கிற ஆப்பைக் காட்டினாள். அனுப்புவதெல்லாம் பூட்டித்தான் போகுமாம், கம்பனிக்காரனாலும் திறக்க ஏலாதாம். ஆனால் போன் நம்பர் கொடுத்தால்தான் வேலை செய்யும், யார் யாரோடு எப்போது கதைத்தது என்பதைக் கம்பனி அறியலாம் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கட ஊரில் என்ன கதைத்தார்கள் என்பதா செய்தி? எந்த வீடு எந்த வீட்டோடு கதைத்தது என்பதுதானே செய்தி!

அவள் அடுத்துக் காட்டிய மற்ற ஆப்புக்கு ஒரு முதலாளி இல்லை. விருப்பமானவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நடத்தலாம், நம்பரும் தேவையில்லை. ஹஸ்னா பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் தையல் மெசினுக்குப் பக்கத்தில் நடத்திக்கொண்டிருந்தாள். கடவுச்சொல்லைத் தொலைத்தால் மீட்டுத் தர ஒரு கம்பனியும் வராது, எல்லாம் எங்கட தலையில்தான் என்றும் சொன்னாள். "அப்ப இதுல வாற படத்த இன்னொராளுக்கு அனுப்ப ஏலாதா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஏலும் மாமி. பூட்டு வழிக்குத்தான். போய்ச் சேர்ற ஆளுக்குப் பூட்டுப் போட ஏலா."

கரண்ட் போன வேளை

வருகிற மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்லாம், படம் பிறகு, முதலில் இந்த ஆப்பைப் போட்டுப் பெண் வீட்டோடு கதையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு வீட்டார், இப்படி ஒளிக்கிற அளவுக்குப் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்டார்கள். கேட்ட வாயை என்ன செய்வது? கல்முனைக்குடியில் ஒரு உம்மா மட்டும் பொறுமையாகப் போட்டுக்கொண்டார். மறுநாளே மருதமுனையில் கரண்ட் போனது, ஹஸ்னாவின் கம்ப்யூட்டர் படுத்தது, அனுப்பியதெல்லாம் அந்தரத்தில் நின்றது. எனக்குத்தான் போன் வந்தது: "பொண்ணு வீட்டுல கரண்ட் போனா எங்கட வீட்டுல கலியாணப் பேச்சு நிக்கிதே, இது என்ன சம்பந்தம் ராத்தா?"

என் போனில் கிடந்தது

அந்தப் பேச்சும் அத்தோடு விட்டுப்போன பிறகு ஹஸ்னாவின் உம்மா என் வீட்டுக்கு வந்தார். "ஒங்கட போன்ல அந்தப் பழைய படம் கிடக்குதானே ராத்தா. அவளுக்குத் தெரியாம ஒரு நல்ல வீட்டுக்கு அனுப்புங்களேன். வயசு போகுதே" என்று என் கையைப் பிடித்தார். பெற்ற வயிறு, குறை சொல்ல முடியுமா? ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. தன்னைக் கேட்காமல் படம் போகாது என்று சொன்ன பிள்ளையின் முகம் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் பார்க்கப் பார்க்கவே படத்தை அழித்தேன். அவர் அழுதார், எனக்கும் அழுகை வந்தது.

"அழிச்சிட்டீங்களே ராத்தா, இனி என்ட புள்ளய ஆருக்கிட்டக் காட்டுவீங்க?"

ஒலுவில் மாப்பிள்ளை

றிபாஸ் ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர். படம் கிடையாது என்று வழக்கம்போல் எடுத்த எடுப்பிலேயே சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. "அவங்க கதைக்கிற ஆப்ப எப்பிடிப் போடுற?" என்று கேட்டார். நான் அதை மறுபடி சொல்லச் சொன்னேன், காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

ஹஸ்னா, அவள் வாப்பா, றிபாஸ் மூன்று பேரும் சேர்ந்த ஒரு குரூப். வாப்பா வெள்ளிக்கிழமை துஆவும் பூப்படமும் அனுப்பிக்கொண்டே இருந்தாராம், கிடைத்த இடைவெளியில் மற்ற இரண்டு பேரும் கதைத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் வரும்வரை றிபாஸ் பொறுத்தார். கடைசியில் தன் படத்தை ஹஸ்னா தன் கையாலேயே அனுப்பினாள்.

றிபாஸின் உம்மா விடுவாரா? கட்டாரில் இருக்கிற மூத்த மகளுக்கு உடனே அனுப்பச் சொல்லி நின்றார். "அது எனக்கு வந்த படம் உம்மா. பார்க்கணுமெண்டா வாங்க, மருதமுனைக்கிக் கூட்டிப் போறன்" என்று றிபாஸ் மறுத்துவிட்டார். வழி முழுக்க ஆட்டோவில் அந்த உம்மா புறுபுறுத்துக்கொண்டே வந்தார், நான் மனதுக்குள் ஓதிக்கொண்டே வந்தேன். ஹஸ்னா வந்து ஸலாம் சொன்னதும் அவளைப் பக்கத்தில் இருத்தி, தட்டில் வைத்த வட்டிலப்பம் தீரும்வரை கதைத்தார். எழும்பும்போது தன் போனை அவளிடம் நீட்டினார்.

"எனக்கும் அந்த ஆப்பப் போட்டுத் தாங்க மகள். நாம கதைக்கிறது எங்கட மூத்தவளுக்குத் தெரியத் தேவல்ல."

நிக்காஹ் பெருநாள் கழிந்து, இன்ஷா அல்லாஹ். எந்த ஆப் நல்லதென்று இப்போதும் என்னிடம் கேட்கிறவர்களுக்கு, முதலில் ஆளைப் பாருங்கள், ஆப்பை ஆட்டோவில் போகும்போதும் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் சொல்லி வருகிறேன்.