சுண்ணாம்பு தின்ற கதை

இந்த நாட்டில் காற்றைக்கூடத் தின்பார்கள். ஊர் சுற்றப் போனால் மலாயில் 'மாக்கான் அங்கின்', காற்றுத் தின்பது. கூலிக்குப் போனால் 'மாக்கான் காஜி', சம்பளம் தின்பது. புதுக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி ஆயர் தாவார் ரப்பர் தோட்டத்துக்கு வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. போகப்போக என் வாயிலும் அப்படியே வந்துவிட்டது. அதனால்தான் போன மாதம் ஈப்போ கிளினிக்கில் மாட்டிக்கொண்டேன்.

தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியதும் நாங்கள் ஈப்போ பக்கம் லகாட்டுக்கு வந்தோம். சுண்ணாம்புக்கல் அரைக்கும் ஆலையில் மூட்டை தைத்தேன். சாயங்காலம் இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். துணியால் மூக்கைக் கட்டினால் வெக்கையில் மூச்சு முட்டும், அவிழ்த்துவிடுவோம். இப்போது வாசல் கூட்டினாலே இளைக்கிறது. என்னோடு மூட்டை தைத்த லெட்சுமி இன்னும் அங்கேதான் தைக்கிறாள். அவள் இருமல் என்னுடையதைவிட மோசம். என் இருமல் ஆலையால் வந்தது என்று டாக்டர் சொன்னால் அவளையும் சோதிப்பார்கள். அதற்காகத்தான் கிளினிக்குக்குத் துணைக்கு வந்திருந்தாள்.

டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். எதனால் இருமல் என்று கேட்டாள். கூச்சத்தில் பாதிக் குரலில், "ஹாரி ஹாரி மாக்கான் காப்பூர்" என்றேன். தினமும் சுண்ணாம்பு தின்றேன் என்று அர்த்தம். அவள் என் சிவந்த பல்லைப் பார்த்தாள். வெற்றிலையை நிறுத்துங்கள் ஆன்ட்டி என்றாள். நானும் தலையாட்டிவிட்டு வெளியே காத்திருந்த லெட்சுமியிடம் வந்தேன்.

"என்னக்கா சொன்னாங்க?"

"வெத்தலைய விடணுமாம்."

"நான் வெத்தலையே போட்டதில்லையேக்கா! எனக்கு எதை விடச் சொல்வாங்க, மூச்சையா? உள்ள போய்ச் சொல்லுங்க லா!"

திரும்பப் போனேன். "புக்கான் மூலுட், டாக்டர். ஹீடோங்" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினேன். வாயால் இல்லை, மூக்கால். சிரிக்க வந்தவள் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி ஆலையைப் பற்றி முழுக்கக் கேட்டாள். அதற்கு முன்னால் வேறு தூசியில் வேலை செய்தீர்களா என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்று, புதுக்கோட்டையில் அம்மாவுடன் கல் குவாரியில் ஜல்லி உடைத்தவள் நான். சொன்னால் ஆலைக்காரன் தப்பித்துக்கொள்வானோ என்று பயம். ஆனாலும் சொன்னேன். லெட்சுமிக்கும் எனக்கும் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தாள்.

என் படத்தை முதலில் வெளிச்சத்தில் மாட்டினாள். நெஞ்சின் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக வெள்ளை. எது புதுக்கோட்டைக் கல், எது லகாட் சுண்ணாம்பு என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது ஆன்ட்டி என்றாள்.

அடுத்து லெட்சுமியின் படம். அவள் புதுக்கோட்டையைப் பார்த்ததே இல்லை. அதிலும் அதே வெள்ளை.