புழுப் படத்துக்குக் கீழே என் பெயர்

இரண்டு வருடத்துக்கு முன், மழை விட்டு ஓணம் நெருங்கிய சமயம். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஃப்ளாட்டுக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம். ஒரு பக்கமிருந்து லாரி லாரியாக மண்ணைக் கொட்டி அதை மூடிக்கொண்டே வந்தார்கள்.

பூச்சிகளைப் படமெடுப்பதில் எனக்குப் பைத்தியம். பெரிய கேமராவோடு மூன்று வருடம் அந்தச் சேற்றில் முட்டி போட்டிருக்கிறேன். ஆனால் போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்து என் அறையில் தங்கிய பெண், துணி காயப்போடப் போன இடத்தில், போனிலேயே ஓர் ஈயைப் படம் பிடித்துவிட்டாள். தேனீ மாதிரி கோடு போட்டுக்கொண்டு பூவுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நிற்குமே, அந்த வகை. பூச்சிப் படங்கள் பகிரும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் கல்லூரி ஆசிரியை, இது அருகிப்போன இனம் என்று எழுதினார். குழு முழுக்க அவளுக்குக் கைதட்டல். நானும் 'சூப்பர்' என்று போட்டேன். வயிறு மட்டும் எரிந்தது.

ஞாயிறு காலை அவள் சர்ச்சுக்குப் போனதும் தனியாகச் சதுப்பில் இறங்கினேன். அவள் ஈயைப் பார்த்த பூக்களுக்கு முன்னால் ஒரு மட்கிய தென்னந்தடி பாதி தண்ணீரில் கிடந்து ஃப்ரேமைக் கெடுத்தது. படமெடுக்கிற எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், குறுக்கே இருப்பதை ஒதுக்கிவிடுவோம். இழுத்ததும் தடி பிளந்தது. உள்ளே கறுப்புத் தண்ணீரில் எலிவால் போல நீண்ட வாலோடு புழுக்கள். சீ என்று வந்தது. அவளுக்கு அனுப்பி அலற வைக்கலாம் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, தடியைக் கரையில் உருட்டிவிட்டேன். ஈ வரவேயில்லை. படத்தை அனுப்பவும் மறந்துபோனேன்.

மறுநாள் மாலை ஆசிரியை வந்தார். மூவரும் போனோம். அந்த ஈ அங்கேயே பெருகுகிறது என்று காட்டினால்தான் மண் கொட்டுவதை நிறுத்தச் சொல்லி மனு கொடுக்க முடியுமாம். அதன் புழு மட்கிய மரத்துத் தண்ணீரில்தான் வளரும் என்று சொல்லி, அவர் நேராக அந்தத் தடியிடம் போனார். வெயிலில் எல்லாப் புழுக்களும் சுருண்டு செத்திருந்தன.

"ஐயோ, யாரு இதை வலிச்சுக் கரையில போட்டது?" என்றாள் அவள்.

"நான்தான். உன்னைவிட நல்ல படம் எடுக்கணும்னு."

அவள் குனிந்து தடியின் பிளவுக்குள் பார்த்தாள். பிறகு, "புழுவோட போட்டோ உண்டா அக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. தண்ணீருக்குள் உயிரோடு நெளிகிற அந்த ஒரு படம்தான் மனுவுக்குச் சாட்சியானது. அதன் கீழே என் பெயரை அவளே எழுதினாள்.

"எடுத்தது அக்காதானே?"

லாரி நின்றது. மூடிய பாதி மூடியதுதான். அந்த ஈயை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. குழுவில் எனக்குக் கைதட்டினார்கள், அவளும் சேர்ந்து தட்டினாள், நடந்ததை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்றும் அந்தப் படத்தை யாராவது பாராட்டினால், அதிலிருப்பதையெல்லாம் கொன்றவள் நான்தான் என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. என் பெயரை அத்தனை சுலபமாக எழுதிக் கொடுத்த அவளைப் பார்த்து இன்னமும் பொறாமையாகத்தான் இருக்கிறது.