பின்னால் நடந்து வந்த முதலாளி

தொண்ணூறுகளின் பிற்பாதி. திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். கூடவே ஒரு தோழி. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நாங்கள் உட்காரக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். கால் கடுக்கும். அவள் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள், பாதி வலி மறந்துபோகும். சரியான வாயாடி!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி வந்தது. கடை லீவு. சாயங்காலமே இருவரும் கிரிவலம் கிளம்பினோம். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே திசையில்தான் நடப்போம். முன்னால் போகிறவர் முதுகு தெரியும். பின்னால் யார் வருகிறார்கள் என்று யார் பார்த்தது?

செங்கம் ரோட்டில் அவள் ஆரம்பித்தாள். "நம்ம முதலாளியும் மாசாமாசம் சுத்துறாராம்டி. அந்தத் தொப்பையோட நடந்தா, மலையே மலையைச் சுத்துற மாதிரி இருக்காது?"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"பொம்பளைங்கள நாள் பூரா நிக்க வெச்ச பாவம், வெறுங்கால்ல நடந்தா போயிடுமா?"

பின்னால் ஒரு செருமல். திரும்பினால் முதலாளி! பக்கத்தில் அவர் மனைவி, முகம் சுண்டிப்போய். இருவரும் விறுவிறுவென்று எங்களைத் தாண்டிப் போனார்கள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மறுநாள் அவளைக் கல்லாவுக்கு எதிரில் நிறுத்தினார். "என் சோத்தைத் தின்னுட்டு, என் சம்சாரம் எதிர்லயே என்னைக் கேலி பண்றியா? இனிமே வராதே."

அவள் அப்பா படுத்த படுக்கை. இவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. "கால்ல விழுடி" என்று கிசுகிசுத்தேன்.

"உங்க உடம்பைக் கேலி பண்ணது தப்புதாங்க, மன்னிச்சிடுங்க. உங்க வீட்டு அம்மாகிட்டயும் வந்து கேக்கறேன். ஆனா நிக்க வெக்கிறீங்கனு சொன்னது நெசம்தானே? அதுவும் கடையில பேசலியே, லீவு நாள்ல பேசுனது."

"ரெண்டுக்கும் சேத்து மன்னிப்பு கேட்டா இரு. இல்லனா கிளம்பு."

இரண்டாவதற்கு அவள் மன்னிப்பு கேட்கவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். "நீ அவசரப்பட்டு வேலைய விட்டுடாதடி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

அதன் பிறகு குடும்பத்தோடு பெங்களூர் போய்விட்டதாகக் கேள்வி. விலாசம் கிடைக்கவில்லை. கடையில் யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் பின்னால் பார்த்துக்கொண்டுதான். முதலாளியையும் முழுசாகக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மனைவி எதிரில் தொப்பையைக் கிண்டல் செய்தால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? ஆனால் அவரை உறுத்தியது தொப்பைப் பேச்சா, நிற்க வைத்த பேச்சா என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பௌர்ணமிக்கு இப்போதும் நடக்கிறேன். முன்னால் எவளாவது வாய்விட்டுச் சிரித்தால், அவளாக இருக்குமோ என்று எட்டி நடந்து முகத்தைப் பார்ப்பேன். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிற ஒருத்தி பக்கத்தில் இருந்தவரை நாள் முழுக்க நிற்க முடிந்தது. அவள் போன பிறகுதான் என் கால்கள் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தன.