கரைக்குக் கீழே ஓர் ஊற்று

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குட்டையின் கரையடியில் ஓர் ஊற்று இருந்தது. கோடையிலும் வற்றாது. அதற்குக் கீழே சரிவில், இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கட்டிக்கொண்ட சில வீடுகள். அந்த வீட்டு வரிசையை அவர்கள் இன்னமும், அங்கத்தைய வழக்கப்படி, லயம் என்றுதான் சொல்வார்கள். பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வருவது அதிசயம் என்பதால் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அந்த ஊற்றுதான். பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, செவ்வாய்க்கிழமைகளில் பூ வைத்தார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு முன்னால் ஆண்கள் மண்வெட்டியோடு வந்து தூர் வாருவார்கள். என் நிலத்துத் தண்ணீரை நாலு பேர் குடிக்கிறார்களே என்று எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

குட்டை என்றால் சின்னதாக நினைத்துவிட வேண்டாம். பிக்கட்டி ஊருக்குப் போகிற வழியில், இரண்டு மேடுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி ஓடையை மறித்த கரை, மாடி வீட்டு உயரம் இருக்கும். அப்பா இந்த நிலத்தை வாங்கும்போதே இருந்தது. யார் கட்டியது, உள்ளே என்ன போட்டுக் கட்டியது, யாருக்கும் தெரியாது. அரசாங்கத்து அணையாக இருந்தால் அதிகாரி வந்து பார்ப்பார். இதற்கு அதிகாரியும் நான், காவல்காரியும் நான். புல் வெட்டுவேன். காட்டெருமை மிதித்துப் பள்ளமாக்கிய இடத்தை மண் போட்டு நிரப்புவேன். உபரித் தண்ணீர் போகிற வாய்க்காலில் யூகலிப்டஸ் சருகு அடைக்காமல் அள்ளிவிடுவேன். கரையைப் பொறுத்தவரை நான் கெட்டிக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்து, இரண்டு நாளாக வெயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. குட்டை நிறைந்திருந்தது. மத்தியானம், லயத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு இலை பறிக்க வரும் பெண் பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றுத் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள்.

“அக்கா, குட்டையில என்னா செஞ்சீங்க? தண்ணி செவப்பா வருது. சோறுகூட ஆக்க முடியல.”

“மழைக்குக் கலங்கத்தான் செய்யும். ரெண்டு நாள்ல தெளிஞ்சுரும், போம்மா” என்றார் என் கணவர், பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல். வீடு பற்றி எரிந்தாலும் ‘ஆறட்டும்’ என்கிற ஆள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மழை விட்டு இரண்டு நாள் ஆகிறதே. அவளிடம் குடத்தை வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டுக் கரைமேல் ஏறிப் போனேன். குட்டைத் தண்ணீர் பச்சையாக, தெளிவாக நின்றது. ஓரத்தில் மூழ்கிக் கிடந்த கிளையின் இலைகூடத் தெரிந்தது. மேலே தெளிவு, கீழே செம்மண்.  அப்போதுதான் புரிந்தது. அது ஊற்றே இல்லை. குட்டைத் தண்ணீர் கரைக்குள் புகுந்து, கரையின் மண்ணைத் தின்றுகொண்டு அந்தப் பக்கம் வருகிறது.

சித்தப்பா அணைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“தெளிவா வருதா, கலங்கலா வருதா?”

“கலங்கலுங்க சித்தப்பா.”



“அடைச்சுப் போடாத அம்மணி. அடைச்சா வேற பக்கம் பிச்சுக்கும். தண்ணி வரட்டும், மண்ணு வரக் கூடாது. தண்ணி வர்ற வாயில மணலு, அதும்மேல ஜல்லி, அதும்மேல கல்லு. குட்டையத் தண்ணி எறக்கு. எல்லாத்துக்கும் முன்னால கீழ இருக்கற சனத்த வெளிய கூப்புடு.”

போனை வைக்கும்போதே கீழேயிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். லயத்து ஆண்கள் நாலைந்து பேர் ஊற்றைத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். ஊற்று கலங்கினால் வாரிவிட்டால் தெளியும். சின்ன வயதிலிருந்து அவர்கள் செய்து பார்த்த வைத்தியம் அது. கரையைத் தாங்கி நிற்கிற அடிமண்ணைத்தான் வெட்டி வெட்டி எறிந்துகொண்டிருந்தார்கள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லில் வழுக்கிக்கொண்டே இறங்கினேன்.

“நிறுத்துங்க! வெட்டாதீங்க!”

“எங்க ஊத்த நாங்க வாருறோம். ஒங்களுக்கு என்னா?” என்றார் ஒருவர்.

குடம் கொண்டுவந்தவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். “என்னைக்காச்சும் ஒரு நாள் தண்ணிய நிப்பாட்டுவீங்கன்னு தெரியும். அதுக்குத்தான வெட்டக் கூடாதுங்கிறீங்க?”

எனக்குக் கோபம் முதலில் வரும், பேச்சு பிறகுதான் வரும். “அறிவு இருக்கா உங்களுக்கெல்லாம்?” என்று கத்திவிட்டேன். காரியம் இன்னும் கெட்டது. வேண்டுமென்றே ஓங்கி வெட்டினார்கள். கட்டைவிரல் கனத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் என் கண் முன்னால் மணிக்கட்டுக் கனமாகியது. வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு வழக்கமில்லாத வேலை. அங்கே கிடந்த ஒரு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கக் கரையேறி, குட்டைத் தண்ணீரை மொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். ஊற்றிலிருந்து பிடித்த குடம் ஒன்றையும் அதன் பக்கத்தில் இழுத்து வைத்தேன்.

“இது மேல நிக்கிற தண்ணி. இது கீழ வர்ற தண்ணி. ரெண்டும் ஒண்ணுதான். நடுவுல இந்த மண்ணு எங்கிருந்து வந்துச்சு, சொல்லு?”

அவள் இரண்டு குடத்தையும் பார்த்தாள். தலையைத் தூக்கிக் கரையின் அடியிலிருந்து உச்சி வரை பார்த்தாள். திரும்பித் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள்.

“ஐயோ, பேரப்புள்ள தொட்டில்ல கெடக்கான்!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். மண்வெட்டிகள் நின்றன.

கிழடுகளையும் குழந்தைகளையும் எதிர்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினோம். லயத்தில் ஒருவர் வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணலையும் ஜல்லியையும் கேட்டதும் கொடுத்தார். பெண்கள் இலைச் சாக்கில் சுமந்து வந்து கொட்டினார்கள். மண்வெட்டிக்காரர்களை மேலே அனுப்பி, பக்கவாட்டில் இருந்த உபரி வாய்க்காலைப் பாறை தட்டும்வரை தோண்டச் சொன்னேன். என் கணவர் கேரட் தோட்டங்களுக்கு ஓடி, டீசல் மோட்டார்களையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் ஓடிப் பார்த்தது அன்றைக்குத்தான். மோட்டார்கள் குட்டைத் தண்ணீரை மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஓடையில் இறைத்தன.

முதலில் போட்ட மணலைத் தண்ணீர் அப்படியே அள்ளித் துப்பியது. மறுபடி கொட்டினோம். மறுபடி துப்பியது. ஜல்லியைச் சேர்த்துக் கொட்டி, மேலே கல்லை அடுக்கினோம். சாயங்காலம் மஞ்சு இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. கை தூரத்தில் நிற்கிற ஆள்கூடத் தெரியவில்லை. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. கரை உடைந்தால் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் கேட்போம். மோட்டார் சத்தத்தில் அதுவும் கேட்குமா தெரியவில்லை. அத்தனை பேரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, நானும் மேட்டில் ஏறி நின்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன், திட்டவும் செய்தேன். எனக்கு அவ்வளவு பயம் வாழ்க்கையில் வந்ததில்லை.

இருட்டுவதற்குள் கல்லிடுக்கில் வந்த தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. மறுநாள் குட்டை பாதிக்கு இறங்கியிருந்தது.

மலையில் ஜேசிபி கொண்டுவர அனுமதி வாங்க வேண்டும். அது கிடைத்துக் கரையைப் பிளந்தபோது, உள்ளே எவரோ எப்போதோ புதைத்த இரும்புக் குழாய் துருவாய் உதிர்ந்து கிடந்தது. அதை ஒட்டித் தோள்வரை கை நுழைகிற பொந்து. லயமே வந்து பார்த்தது. 

ஊற்று அதோடு போயிற்று. “போதும்டி. கரைய மறுபடி கட்ட வேண்டாம். ஓடைய அது பாட்டுக்கு உட்டுரலாம், நிம்மதி” என்றார் என் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லி நான் மறுபேச்சுப் பேசாத விஷயம் அது ஒன்றுதான்.

சில நாளில் குடம் கொண்டுவந்தவள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நன்றி சொல்ல வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

“குட்டைய எடுக்கப் போறீங்களாமே? எடுக்காதீங்கக்கா. நல்லபடியா கட்டி, எங்களுக்கு ஒரு பைப்பு விடுங்க.”

“ஏம்மா, உங்க தலைக்கு மேல தண்ணி நிக்கும். பயமா இல்லையா?”

“பயந்தான். அதுக்காவ இவனையும் தூக்கிக்கிட்டுப் பள்ளத்துக்கு எறங்கி, கொடத்தோட ஏறி வரச் சொல்றீங்களா? ஊத்து போனதுலருந்து தெனமும் அதத்தான் செய்றேன்.” பேரனை மறு இடுப்புக்கு மாற்றினாள். “இனி நீங்க பாத்துக்குவீங்கள்ல?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இப்படி ஒரு பாரத்தை என் தலையில் வைக்க இவள் யார் என்று கேட்க வாயெடுத்தேன். அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “பாத்துக்கறேன்” என்றேன்.

சித்தப்பா கூடவே நின்று கரையைக் கட்டி, லயத்துக்குப் பைப்பும் விட்டுக் கொடுத்தார். இந்த ஐப்பசியில் குட்டை மறுபடி நிறைந்துவிட்டது. மழை கொட்டும்போது ஜன்னலில் நின்று பார்க்கிறேன். லயத்தில் எல்லா விளக்கும் அணைந்திருக்கிறது. என் பேச்சை நம்பித் தூங்குகிறார்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு, கரையடியில் எங்காவது கலங்கலாக வருகிறதா என்று பார்க்கப் போகிறேன்.